இனமறிந்து சேர்த்தல்: பல்லுறுப்புக்கோவை வகைப்பாட்டின் வரலாறு

சென்னை கே.கே. நகர் முதலிய பகுதிகளின் பள்ளிகளில் மாணவர்கள் பல்லுறுப்புக்கோவையைச் சுருக்கும்போது ஒத்த உறுப்புகளை மட்டுமே கூட்டுகின்றனர். இவ்விதி, 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் இயற்றிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தின் 18ஆம் இயலிலேயே இடம்பெற்றுள்ளது. மாறி, அதன் வர்க்கம், கனம் முதலியவற்றுள் ஒத்தவற்றையே கூட்டவும் கழிக்கவும் வேண்டும். ஒவ்வாதவை தனித்து நிற்கும் என்பது அவர் கருத்து.

1150இல் பாஸ்கரர் இயற்றிய பீஜகணிதத்தின் குறியீட்டு முறையும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. மாறி 'யா' எனவும், அதன் வர்க்கம் 'யாவ' எனவும், மாறிலி 'ரூ' எனவும் குறிக்கப்பட்டன. 'யாவ 3 யா 5 ரூ 2' என்னும் கோவையில் கூட்டல் குறி இல்லை. இனப்பெயர்களே உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகின்றன.

தற்காலத் தமிழ்ப் பாடநூல்கள், உறுப்புகளின் எண்ணிக்கையால் ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு எனவும், படியால் ஒருபடி, இருபடி, முப்படி எனவும் கோவைகளை வகைப்படுத்துகின்றன. மேற்கண்ட கோவை மூவுறுப்புடைய இருபடிக் கோவையாகும்.

எனினும், சுருக்காத கோவைக்கு இடும் பெயர் பிழைபடக்கூடும். 'யா 5', 'யா 2', 'ரூ 4' ஆகியவற்றின் கூடுதல் மூவுறுப்பாகத் தோன்றினும், சுருக்கியபின் 'யா 7 ரூ 4' என்னும் ஈருறுப்புக் கோவையே எஞ்சும். ஆகவே இனமறிந்து சேர்த்தலே முதற்பணி. பெயரிடுதல் அதற்குப் பிந்தையது. பிரம்மகுப்தரின் விதி இன்றைய வகைப்பாட்டிற்கும் அடிப்படையாவது இவ்வாறே.