திறந்து வெச்சா மேற்கோள் கூடுமா?

ஆய்வுக் கட்டுரையை யார் வேணும்னாலும் காசில்லாம படிக்கலாம்னு திறந்து வெச்சா, மத்த ஆய்வாளர்கள் அதை அதிகமா மேற்கோள் காட்டுவாங்களா? "இதுல என்னய்யா சந்தேகம்"னு கேப்பீங்க. கதை கொஞ்சம் சிக்கலானது மக்களே.

2001-ல ஸ்டீவ் லாரன்ஸ் 'நேச்சர்' இதழ்ல ஒரு கணக்கு போட்டார். கணினித்துறை மாநாட்டுக் கட்டுரைகள் 1,19,924. அதுல இணையத்துல இலவசமா கிடைச்சதுக்கு சராசரியா 336 சதவீதம் அதிக மேற்கோள். அடுத்த வருஷம் புடாபெஸ்ட் பிரகடனம் வந்தது. அதே 2002-ல பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் தன் ஆட்களோட கட்டுரைகளைச் சேர்த்து வைக்க ஒரு திறந்த களஞ்சியம் ஆரம்பிச்சது. நம்ம சென்னையில சுப்பையா அருணாசலம் இதுக்காகவே ஊர் ஊராப் பேசினார். 2004 மே மாசம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல பயிலரங்கும் நடந்தது. இந்தியாவுல செய்யுற வேலை வெளியில தெரியாமலே போகுதுங்கறதுதான் அவரோட ஆதங்கம். மும்பை கே.இ.எம். மருத்துவமனையோட 'ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்' இதுக்கு நல்ல உதாரணம். இணையத்துல திறந்துவிட்ட பிறகு மேற்கோள்கள் அதிகமாவும் சீக்கிரமாவும் வர ஆரம்பிச்சது.

இங்கதான் பிலிப் டேவிஸ் குறுக்க வந்தார். நல்லா எழுதறவங்க தங்களோட நல்ல கட்டுரையைத்தானே இணையத்துல போடுவாங்க, அப்ப மேற்கோள் கட்டுரைக்கா, திறப்புக்கா? நியாயமான கேள்வி. மனுஷன் சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி ஒரு சோதனையே நடத்தினார். 11 உடலியல் இதழ்கள், 1,619 கட்டுரைகள், அதுல 247-ஐ மட்டும் குருட்டாம்போக்குல திறந்துவிட்டார். 2008-ல முடிவு வந்தது. திறந்த கட்டுரைகளை நிறைய பேர் இறக்கிப் படிச்சிருக்காங்க. முதல் வருஷ மேற்கோள் மட்டும் கூடவே இல்லை!

ஏன்? அந்தத் துறையில மேற்கோள் காட்டுறவங்க பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகத்துல இருக்காங்க. அவங்க நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கும். 2009-ல எவன்ஸும் ரெய்மரும் 'சயின்ஸ்' இதழ்ல இன்னொரு பக்கத்தைக் காட்டினாங்க. திறப்பால மொத்தமா கூடுறது 8 சதவீதம்தான். ஆனா வளரும் நாடுகள்ல அந்த விளைவு அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. கதவு யாருக்கு மூடியிருந்ததோ அவங்களுக்குத்தானே திறந்தா வித்தியாசம் தெரியும்.

என்னைக் கேட்டா, மேற்கோள் எண்ணுற தராசுல ஒரு கோளாறு இருக்கு. பேப்பர் எழுதறவன் மட்டும்தான் அதுல ஏறுவான். எங்க தொப்பூர் கணவாய் இறக்கத்துல லாரி ஏன் இப்படி பிரேக் பிடிக்காம போகுதுன்னு தேடினப்ப சரியான ஒரு கட்டுரை சிக்கிச்சு. முப்பது டாலருக்கு மேல கேட்டாங்க. நான் படிச்சிருந்தாலும் அது எந்த எண்ணிக்கையிலயும் வந்திருக்காது. டேவிஸ் சோதனையில இறக்கிப் படிச்ச கூட்டத்துல என்னை மாதிரி எத்தனை பேரோ!

2024 நவம்பர்ல 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. அரசு கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு சுமார் 13,000 இதழ்கள். தனி ஆளுக்கு அதுல இடமில்லை. அதுவரைக்கும் ஒரு வழி சொல்றேன்: கூகுள் ஸ்காலர்ல கட்டுரைக்குக் கீழ மத்த பதிப்புகளுக்கான சுட்டி இருந்தா அமுக்கிப் பாருங்க. எழுதினவரே எங்கயாவது இலவசமா போட்டு வெச்சிருப்பார். இல்லேன்னா அவருக்கே ஒரு மெயில் தட்டுங்க.