கவளமும் புரையும்

முல்லைப்பாட்டில் ஒரு பாசறைக் காட்சி உண்டு. கரும்பும் நெற்கதிரும் சேர்த்துக் கட்டிய உணவை உண்ணாமல் யானை நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. இளம் பாகர்கள் வடமொழிச் சொற்களைப் பலமுறை சொல்லி, கவைமுள்ளால் குத்திக் கவளம் ஊட்டுகிறார்கள். மாயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காட்டில் கவளம் இன்றும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் இழுக்கும் யானைகளுக்காக அமைந்த முகாம் அது. ராகியையும் கொள்ளையும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து உருட்டி, பாகனும் காவடியும் யானையின் வாய்க்குள்ளேயே வைக்கிறார்கள்.

கவளம் என்பது வாய்கொள்ளும் அளவு உணவு. மனிதரும் மென்று கவளமாக்கிய பின்பே விழுங்குகிறோம். நாக்கு அதைப் பின்னே தள்ளும்வரை செயல் நம் வசம். அதன்பின் நம் வசமில்லை. மூச்சுக்கும் உணவுக்கும் தொண்டை பொதுவழி. ஆகவே அண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது. ஏறத்தாழ ஒரு நொடி மூச்சு நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறந்து கவளத்தை ஏற்கிறது. இந்த ஒழுங்கு தவறினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டுகிறோம். உண்மையில் நம்மைக் காப்பது இருமல்தான். பக்கவாதத்தில் அந்த இருமலும் அடங்கிவிடுவதுண்டு. அப்போது உணவு ஓசையின்றி நுரையீரலில் இறங்கிச் சீழ்பிடிக்கிறது.

விலங்கைக் கொல்ல இந்த வாயையே வழியாகக் கொண்டதுதான் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்கென்று வெடிமருந்தை உணவுக்குள் பொதிந்து வைப்பார்கள்; கடித்தவுடன் வெடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று அப்படிக் கடித்தது. அன்னாசிப்பழம் என்றுதான் முதலில் செய்தி பரவியது. தேங்காய் என்று விசாரணையில் தெரியவந்தது. வாய் சிதைந்த யானை ஏறத்தாழ இரண்டு வாரம் உண்ண முடியாமல் அலைந்து, வெள்ளியாற்றில் இறங்கி நின்று, மே 27 அன்று இறந்தது. நீர் நுரையீரலுக்குள் புகுந்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை கூறியது.

காட்டில் இறக்கும் யானையையும் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று வலியுறுத்தியவர், தெப்பக்காட்டிலும் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' வழியாக இலக்கிய வாசகர் அறிந்தவர், 2002இல் மறைந்தார். அந்த வழக்கம் இல்லையெனில் பாலக்காட்டு யானையின் பசி நமக்குத் தெரிந்தே இராது. ஆற்றில் மூழ்கிய ஒரு யானை என்பதோடு செய்தி முடிந்திருக்கும்.