பயதேர் – ஒன்பதாம் வாழ்வு

சென்னையில் 1957-இல் பிறந்து லண்டனில் வாழும் நடன இயக்குநர் ஷோபனா ஜெயசிங் 2015-இல் மேடையேற்றிய தற்கால நடனப் படைப்பு. பாலே, பரதநாட்டியம், இலக்கியம், மின்னிசை ஆகியவை இதில் சந்திக்கின்றன. இசை: கேப்ரியல் புரோகோஃபியெவ்.

பின்னணி: 1838-இல் கடலூரை அடுத்த திருவேந்திபுரத்துத் தேவதாசிகள் குழு ஒன்று பாரிசிலும் லண்டனிலும் ஆடியது. அக்குழுவில் ஆடிய அம்மணி என்பவரைக் கண்டு வியந்த பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே, அவரது தோற்றத்தையும் ஆட்டத்தையும் விரிவாக எழுதினார். சிற்பி ஒகுஸ்த் பார் அவரை வெண்கலத்தில் வடித்தார். பின்னர் 'ஜிசெல்' (1841) பாலேவின் கதையை உருவாக்கியவர்களில் கோத்தியேவும் ஒருவர். 1877-இல் மாரியஸ் பெத்திபா, மின்குஸின் இசையில், கோயில் நடனப் பெண்ணை (பிரெஞ்சில் 'பயதேர்') நாயகியாக்கி 'லா பயதேர்' பாலேவை ரஷ்யாவில் அமைத்தார். அதில் வெள்ளுடை நங்கையர் ஒருவர்பின் ஒருவராக, ஒரு காலைப் பின்னே நீட்டி நிற்கும் அதே நிலையைத் திரும்பத் திரும்பக் காட்டியபடி சரிவில் இறங்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஆனால் இந்தப் பாலே காட்டும் இந்தியா, ஐரோப்பியக் கற்பனையில் பிறந்தது. தேவதாசிகள் ஆடிய சதிராட்டத்தின் இலக்கணத்துக்கு அதில் இடமில்லை.

சிறப்பு: ஷோபனா அந்தக் கற்பனையையே ஆய்வுப் பொருளாக்கினார். அம்மணியைப் பற்றிய கோத்தியேவின் எழுத்தை மேடைக்குக் கொண்டுவந்து, பார்க்கப்பட்டவளின் பக்கம் நின்று பழைய பாலேவைக் கேள்வி கேட்டார். தமிழ் நடன வரலாற்றுக்கு இது செய்த நியாயம் பெரிது.

ஒப்பு: இதுபோலப் பழைய பாலே ஒன்றை மறுஆக்கம் செய்த, நடன இயக்குநர் அக்ரம் கானின் 'ஜிசெல்' (2016).