தெரு யாருக்குச் சொந்தம்? ஓரங்கியின் சாக்கடை வரலாறு

நகர வரலாறுன்னா கோட்டை, அரண்மனை, கவர்னர் மாளிகைன்னு எழுதுறதுதான் வழக்கம். சாக்கடைக்கு யாரும் வரலாறு எழுதுறதில்லை. ஆனால் ஒரு ஊரில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, கோட்டையைவிட சாக்கடைதான் அதிகம் உதவும். ஆசிய நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற ஒரு பெயர் ஓரங்கி. கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிற பகுதி.

1960களின் நடுவில் அங்கே குடியேற்றம் தொடங்கியது. 1971 போருக்குப் பிறகு, புதிதாகப் பிறந்த வங்கதேசத்தை விட்டு வந்த உருது பேசும் குடும்பங்கள் ஏராளமாக இங்கே சேர்ந்தன. கூடவே பட்டாணியர், பஞ்சாபியர், சிந்திகள், பலூச்சிகள். நிலத்தைத் துண்டு போட்டு விற்றவர்கள் புரோக்கர்கள்தான். பட்டா கிடையாது. ஆனால் தெருக்களை நேராக விட்டிருந்தார்கள். இந்த நேர்த்தெரு பின்னாடி ரொம்ப உதவப்போகிறது.

வீடு கட்டியாச்சு. கழிவுநீர் எங்கே போகும்? எடுப்புக் கக்கூஸ்தான். நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் உறிஞ்சுகுழி தோண்டினார்கள். அது சில வருஷத்தில் நிரம்பிவிடும். மற்ற தண்ணீரெல்லாம் தெருவில் ஓடும். குழந்தைகள் அதிலேயே விளையாடும், சுவர்களில் ஈரம் ஏறும். அரசாங்கத்திடம் மனு கொடுத்தால், "பணம் இல்லை, நீங்கள் இருப்பதே சட்டப்படி இல்லை" என்கிற மாதிரிதான் பதில்.

இந்த இடத்தில் ஒரு கிழவர் வந்து சேருகிறார். பெயர் அக்தர் ஹமீத் கான்.

அவரைப் பற்றிச் சொல்ல கொஞ்சம் பின்னால போகணும். 1914இல் ஆக்ராவில் பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி. 1943 வங்காளப் பஞ்சத்தை நேரில் பார்த்த பிறகு அந்த வேலையில் மனசு ஒட்டவில்லை. ராஜினாமா செய்துவிட்டு, அலிகர் பக்கத்து கிராமம் ஒன்றில் கூலியாளாகவும் பூட்டு செய்பவராகவும் வேலை பார்த்தார். கலெக்டர் உத்தியோகத்தை உதறிவிட்டு பூட்டுப் பட்டறைக்குப் போன மனுஷன்! பிறகு கிழக்குப் பாகிஸ்தானில் கொமில்லாவில் கல்லூரி முதல்வர். 1959இல் அங்கே கிராம வளர்ச்சி அகாடமியை ஆரம்பித்து, சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டி எழுப்பினார். 1963இல் மகசேசே விருது.

1980இல், 66 வயதில், ஓரங்கிக்கு வந்தார். கூப்பிட்டவர் பி.சி.சி.ஐ. வங்கியின் நிறுவனர் ஆகா ஹசன் அபேதி. பணம் அந்த வங்கியின் அறக்கட்டளையிலிருந்து. (1991இல் அந்த வங்கி பெரிய மோசடிப் புகாரில் மூடப்பட்டது. ஓரங்கியில் நடந்த வேலை மட்டும் நிலைத்துவிட்டது.) வேலைக்கு வைத்த பெயர் ஓரங்கி பைலட் புராஜெக்ட்.

முதல் சில மாதம் கான் திட்டம் எதுவும் போடவில்லை. தெருத்தெருவாக நடந்தார், பேசினார், கேட்டார். எல்லோரும் சொன்ன முதல் கஷ்டம் சாக்கடை. சரி, ஏன் நீங்களே போடலை? வந்த பதில்களை வைத்து நாலு தடைகளைப் பட்டியலிட்டார்.

முதல் தடை மனசில். வீடு எங்களுடையது, தெரு அரசாங்கத்துடையது. அவர்கள்தான் இலவசமாகப் போட்டுத் தரணும். இரண்டாவது பணம். அரசாங்க எஸ்டிமேட் தலையைச் சுற்றவைக்கும். மூன்றாவது தொழில்நுட்பம். மட்டம் பார்க்க, சரிவு கணக்குப் போட ஆள் இல்லை. நான்காவது ஒற்றுமை. நிலத்தடிக் குழாயை ஒருத்தர் மட்டும் போட முடியாது, எல்லோரும் சேரணும்.

இந்தப் பட்டியலில் பணம் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது, கவனிச்சீங்களா?

ஒற்றுமைக்கு அவர் கண்ட வழி, அளவைச் சின்னதாக்குவது. லட்சக்கணக்கான ஜனம் உள்ள பகுதியை ஒன்றுசேர்க்க முடியாது. ஒரு சந்தில் 20, 30 வீடுதான். அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். அந்தச் சந்துக்காரர்களே ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கணும். அவர்தான் வீடு வீடாகக் காசு வசூல் பண்ணுவார். திட்டக்காரர்கள் அந்தக் காசைத் தொடவே மாட்டார்கள். அவர்கள் தருவது மட்டம் பார்த்து வரைந்த படம், எஸ்டிமேட், இரவல் கருவிகள், வேலையை மேற்பார்வை பார்க்க ஆள். அவ்வளவுதான். ஒரு ரூபாய்கூட மானியம் கிடையாது.

செலவைக் குறைத்ததும் இதே மாதிரிதான். கான்ட்ராக்டர் கிடையாது, ஆகவே அவர் லாபமும் கமிஷனும் கிடையாது. மேன்ஹோலுக்கு இரும்பு அச்சு செய்து வாடகையில்லாமல் கொடுத்தார்கள். கனரக வண்டி போகாத சந்துக்கு எதற்கு ஆழமான பள்ளம்? ஆழம் குறைந்தது. கக்கூஸுக்கும் குழாய்க்கும் நடுவில் கெட்டிக் கழிவைத் தடுக்க ஒரு சின்னத் தொட்டி. வீட்டுக்கு ஆன செலவு அந்தக் காலத்தில் சுமார் 1,000 ரூபாய். அரசாங்கக் கணக்கில் பார்த்தால் இதைப்போலப் பல மடங்கு ஆகியிருக்கும்.

எல்லாமே உடனே சரியாக வந்துவிடவில்லை. முதலில் போட்ட சில குழாய்களில் கசிவு, கான்கிரீட் கலவையில் கோளாறு. ஆர்க்கிடெக்ட் ஆரிஃப் ஹசன் ஆலோசகராக வந்த பிறகு பயிற்சியும் தரமும் மேம்பட்டன. மாணவர்களைக் கொண்டு ஓரங்கியின் சந்துகளை அளந்து படம் போட்டார்கள். பிறகு வருஷத்துக்கு வருஷம் சந்துகள் கூடிக்கொண்டே போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சொந்தச் செலவில் கழிவுநீர் இணைப்பு போட்டுக்கொண்டன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி இருக்கு. பணக்காரர்கள் வாழும் பகுதிகளில் அரசாங்கமே சாக்கடை போட்டுத் தருகிறது. ஏழை மட்டும் ஏன் தன் காசைப் போடணும்? அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ள இது ஒரு சாக்காகிவிடாதா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கங்கள் "மக்கள் பங்களிப்பு" என்று பேசும்போது பல சமயம் அர்த்தம் இதுதான்.

ஆனால் ஓரங்கிக்காரர்கள் வேலையை நாலாகப் பிரித்தார்கள். வீட்டுக்குள் கக்கூஸ், சந்துக் குழாய், சந்துகளைச் சேர்க்கும் துணைக் குழாய், இந்த மூன்றும் எங்கள் பொறுப்பு. அதற்கு மேல் வரும் பெரிய வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஒரு சந்துக்காரர் எத்தனை ஒற்றுமையாக இருந்தாலும் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. "எல்லாத்தையும் அரசாங்கமே செய்யட்டும்" என்று கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. பாதியைச் செய்து முடித்துவிட்டு, "உன் பாதி எங்கே?" என்று கேட்கும்போது பதில் சொல்லாமல் தப்பிப்பது கஷ்டம். என் கணக்கில் இந்தத் திட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு, மலிவான மேன்ஹோல் அல்ல, இந்தக் கோடுதான்.

கேள்வியைக் கேட்க ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் வரைபடம். 1980களின் ஆரம்பத்தில் பர்வீன் ரஹ்மான் என்ற இளம் ஆர்க்கிடெக்ட் சேர்ந்தார். டாக்காவில் பிறந்து, 1971க்குப் பிறகு குடும்பத்தோடு கராச்சி வந்தவர். அவரும் சகாக்களும் ஓரங்கியைத் தாண்டி கராச்சி முழுக்கப் படம் போட ஆரம்பித்தார்கள். நகரத்தின் கழிவுநீர் பெரும்பாலும் அதிகாரிகளின் திட்டத்தாளில் இருந்த குழாய்களில் போகவில்லை, அங்கே நாலா என்று சொல்கிற இயற்கை ஓடைகள் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது என்று படங்கள் காட்டின. அப்படியானால் ஓடைகளையே சரிப்படுத்தி, அவை முடிகிற இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதுமே? இந்த வாதத்தின் பலத்தில் 1999இல் கோரங்கி பகுதிக்கான ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் திட்டம் ஒன்று ரத்தானது. அதே வருஷம் அக்டோபரில் கான் இறந்தார், 85 வயதில்.

சாக்கடைப் படம் போடுகிறவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பர்வீன், தண்ணீர் எங்கே திருடப்பட்டு லாரிகளில் விற்கப்படுகிறது, நகர ஓரத்துக் கிராமங்களின் நிலம் யார் கைக்குப் போகிறது என்றும் பதிவு செய்தார். அந்தப் பதிவு இருந்தால் கிராமத்துக்காரர்கள் தங்கள் உரிமையைக் காட்ட முடியும். 2013 மார்ச் 13 அன்று, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அரசாங்கத்தின் பாதி என்ன ஆச்சு? சில ஓடைகள் மூடிய வடிகால்களாயின. ஆனாலும் கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி இன்றும் சுத்திகரிக்கப்படாமலே கடலில் கலக்கிறது. 2020 ஆகஸ்டில் பெருமழை பெய்து நகரம் மூழ்கியது. அடுத்த வருஷம் குஜ்ஜர் ஓடை, ஓரங்கி ஓடைக் கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். பள்ளிக்கூடத்தையும் பிழைப்பையும் இழந்து எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

"நிலைத்த வளர்ச்சி" என்று இன்று மாநாடுகளில் பேசும்போது ஓரங்கியை வெற்றிக் கதையாகக் காட்டுகிறார்கள். சந்துக்குள் அது வெற்றிதான், சந்தேகமே இல்லை. எடுப்புக் கக்கூஸ் போய், காலில் சாக்கடை படாமல் குழந்தை பள்ளிக்கூடம் போவது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மக்கள் போட்ட மூன்று பகுதிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாலாவது பகுதியை யார் போடணும், ஏன் போடவில்லை என்பதும் அதே கதைதான். கான் மக்களிடம் கேட்ட அந்த முதல் கேள்வியை அரசாங்கத்திடமும் கேட்கணும். தெரு எங்களுடையது என்று ஓரங்கிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஓடை யாருடையது?

அடுத்த குறிப்பில் இந்தோனேசியாவின் சுரபயா. அங்கே கம்பொங் என்கிற நகர்க் கிராமங்களை இடிக்காமலே சீர்ப்படுத்திய கதை. இதோடு வைத்துப் படித்தால் வித்தியாசம் புரியும்.