அணிசேராமை

'அணி' என்றால் நகை, வரிசை, போருக்கு நிற்கும் படைப்பிரிவு. அணிசேராமையில் இருப்பது இந்தப் படையணிதான். 'சேர்' என்ற வினையோடு எதிர்மறை 'ஆ'வும் 'மை' விகுதியும் கூடியதால் பிறந்தது 'சேராமை'.

எந்த வல்லரசின் படையணியிலும் சேராத இந்த வெளியுறவுக் கொள்கையைப் பலர் நடுநிலைமை என்றே நினைக்கிறார்கள். அது தவறு. நடுநிலை வகிப்பவர் ஒதுங்கி நிற்பார். அணிசேராதவர் தன் கருத்தைச் சொல்வார். கொரியப் போருக்கு இந்தியா சண்டையிடும் துருப்புகளை அனுப்பவில்லை; காயம்பட்டோரைக் கவனிக்க மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியபோது பிரதமர் நேரு வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டு ஹங்கேரிக்குள் சோவியத் படை புகுந்தபோது தயங்கினார், அது குறைதான்.

1961 செப்டம்பரில் பெல்கிரேடில் அணிசேரா இயக்கத்தின் முதல் மாநாடு கூடியது. 1976இல் கொழும்பில் ஐந்தாவது.

அணிசேராமை என்பதற்குப் பதிலாக இப்போது டெல்லி 'உத்திசார் தன்னாட்சி' என்கிறது. பழைய சொல்லே தெளிவானது.