முதியோர் இல்லத்துக்கு ஓர் இஸ்தோப்பு

ஹட்டனுக்கு அண்மையில் முதியோர் இல்லம் ஒன்றைக் கட்டும் எண்ணத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், அதன் வரைபடத்தை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார். தோட்டத்தில் பிறந்து, நெடுங்காலமாகக் கனடாவில் வாழ்பவர். ஆதரவின்றித் தனித்துப்போன ஓய்வுபெற்ற தொழிலாளருக்கான இல்லம் அது. நீண்டதொரு மண்டபம், இரு புறமும் வரிசையாகக் கட்டில்கள், வெள்ளைச் சுவர், மூலையில் தொலைக்காட்சி. "வீடு மாதிரி இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். எந்த வீடு மாதிரி என்பதே எனக்கு எழுந்த கேள்வி.

வீட்டுணர்வு தரும் அறைகளை அமைப்பது மலையகத்துக்குப் புதிய கலையன்று. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னரும் வந்த துரைமார் அதைத்தான் செய்தார்கள். கணப்படுப்பு, அதற்கொரு புகைபோக்கி, சாய்வு நாற்காலி, முற்றத்தில் ரோஜா என்று தம் ஊரையே பெயர்த்துவந்து பங்களாவுக்குள் வைத்தார்கள். தோட்டங்கள் பலவற்றுக்கு ஸ்கொத்லாந்துப் பெயர்களைச் சூட்டினார்கள். அதுவும் போதாமல் 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப்பையும் தொடங்கினார்கள். ஊர் நினைவு மனிதனை எவ்வளவு வாட்டும் என்பது துரைமாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதே மலையில் தொழிலாளிக்குக் கிடைத்தது லயம். 'லைன்' என்பது படைமுகாம்களில் சிப்பாய்களின் வரிசைக் குடியிருப்புக்கு வழங்கிய பெயர். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. அதுதான் காம்பரா. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்பக்கம் யன்னல் வைக்கவும் வழியில்லை. அடுப்பு எரிந்தது, புகை போக இடமில்லை.

அந்தக் காம்பராவையும் நம் பெண்கள் வீடாக்கினார்கள். தொண்ணூறுகளில் செய்தி சேகரிக்கப் பொகவந்தலாவைப் பக்கம் போயிருந்தபோது ஒரு மூதாட்டியின் காம்பராவில் அமர்ந்திருந்தேன். சாணமிட்டு மெழுகிய தரை. கரி படிந்த சுவரில் குளிருக்கு அடைப்பாகப் பழைய பத்திரிகைத் தாள்கள். அவற்றுள் நான் எழுதிய செய்தி ஒன்று தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. (என் எழுத்தால் ஒருவருக்காவது குளிர் தணிந்ததே என்று ஆறுதல் கொண்டேன்.) அதற்கு மேலே முருகன் படம். பக்கத்தில், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா போன மகனின் கடிதங்கள் செருகிய கம்பி. பகலெல்லாம் அவர் இருந்தது இஸ்தோப்பில்தான். கொழுந்துக்குப் போகிறவர்களும் பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டு வருகிறவர்களும் "என்ன அம்மாயி, தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று கேளாமல் அவரைக் கடக்கவில்லை. அவருக்கிருந்த பயம் ஒன்றே. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும் வரைதான் காம்பரா. மருமகள் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனால்?

லயத்தைப் புகழ்வதாக யாரும் கொள்ள வேண்டாம். இடித்துத் தள்ள வேண்டிய கட்டடம் அது. இடிக்கும்போது எதை எடுத்து வைத்துக்கொள்வது என்பதே என் பேச்சு.

நண்பரின் வரைபடத்துக்கு மூலம் ஆஸ்பத்திரி வார்ட்டு. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் மருத்துவமனைகள் பற்றி வெளியிட்ட நூலில் வலியுறுத்திய நீண்ட கூடம் அது. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும்; ஒரு தாதி ஓரிடத்தில் நின்று எல்லோரையும் பார்க்கலாம். குணமாகி வீடு திரும்பப் போகிறவருக்கு மிக நல்ல ஏற்பாடு. இனித் திரும்பிப் போக வீடே இல்லாதவருக்கு அது இன்னொரு லயம்தான்.

2009இல் நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் முதுமை மறதிநோயாளருக்காகத் திறந்த ஹோகவைக் கிராமத்தில் வேறு வழியைக் கண்டார்கள். ஆறேழு பேருக்கு ஒரு வீடு. சமையல் அந்த வீட்டுக்குள்ளேயே. அவரவர் வாழ்ந்த வாழ்க்கைக்கேற்ப ஏழு வகையாக வீடுகளை அமைத்தார்கள். அவற்றுள் ஒரு வகை, பழைய டச்சுக் குடியேற்றமான இந்தோனேசியாவோடு தொடர்புடையவர்களுக்கானது. அலங்காரமும் உணவும் அந்த மண்ணுக்குரியவை. நம் இஸ்தோப்பும் டச்சுக்காரர் விட்டுப்போன சொல்தான் என்பது ஒரு வேடிக்கை.

ஆகவே நண்பருக்கு எழுதினேன். மண்டபத்தைச் சிறு வீடுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் சுற்றி உட்கார்ந்து குளிர்காய ஓர் அடுப்பு வையுங்கள். சுவரில் அவரவர் படத்தை மாட்ட ஆணி அடிக்க அனுமதி கொடுங்கள். டிரங்குப் பெட்டியைக் கட்டிலடியில் வைத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் நடமாடும் பாதையைப் பார்த்தபடி ஓர் இஸ்தோப்பு வேண்டும்.

பதில் வந்தது. அடுப்புக்குச் சம்மதம், புகைபோக்கியும் உண்டாம். இஸ்தோப்பைப் பற்றித்தான் தகராறு. மழைக்காற்றுக்கு முழுவதையும் கண்ணாடியால் அடைத்துவிட வேண்டும் என்கிறாராம் வரைபடக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; ஹட்டன் மழையை நான் அறிவேன். கண்ணாடியை அடைத்துவிட்டால் பாதையில் போகிறவர் "தேத்தண்ணி குடிச்சாச்சா" என்று கேட்பது உள்ளே எப்படிக் கேட்கும் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.