தாலியும் தீட்டும்

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பொங்கலோ மஞ்சள் நீராட்டோ நடந்தால், "இது நம்ம வேதத்துல உண்டா?" என்று யாராவது கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு 1704 ஜூனில் புதுச்சேரியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டது. எழுதியவர் பாப்பரசரின் தூதர் தூர்னோன். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. 108 இழை மஞ்சள் கயிறு கூடாது. பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடக் கூடாது. இவை ஊர் வழக்கம்தான், வழிபாடு அல்ல என்று யேசு சபைக் குருக்கள் வாதாடினார்கள். வழக்கு 1744 வரை இழுத்தது.

அதே ஆணை இன்னொன்றும் சொன்னது: மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்கக் கூடாது. ஒரே காகிதம் பெண்ணின் கொண்டாட்டத்தையும் பறித்தது, தீட்டையும் மறுத்தது. இரண்டையும் முடிவு செய்தவர்கள் துறவிகளான ஆண்கள்.

ஆகவே ஒரு சடங்கு எங்கே பிறந்தது என்பதைவிட, அது இன்று பெண்ணை என்ன செய்கிறது என்றே நான் கேட்பேன். பொங்கல் பானையைச் சுற்றி எல்லாரும் நிற்கலாம். சிறுமியைத் தனியே உட்கார வைக்கும் ஓலைத் தடுப்போ, மேலே சிலுவை கட்டினாலும் தீட்டுதான்.